ஹனூர்க்காரரின் நம்பர்

தொண்ணூற்று நான்கு மணி நேரம். சொர்ணலதா அக்காவின் மெயிலில் காலண்டரும் காண்டாக்ட்ஸும் காணாமல் இருந்தது அவ்வளவு நேரம். பொதுவாக மெயிலில் ஒரு ஃபோல்டர் காணாமல் போனால் அது எங்கும் போயிருக்காது. மவுஸ் கொஞ்சம் வழுக்கும், ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேடத் தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

இதை முதலில் சொல்லக் காரணம், ஆறுமுகசாமி சார், உங்கள் விசாரணை அறிக்கையில் ஃபோல்டர்கள் கெட்டுப்போயின என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போகவில்லை. நான் வேதியியல் படித்தவள். நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகியவள்.

மைசூருக்கு, இந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அறையில் என் மேஜை. அம்மா மஸ்கட்டில் நர்ஸ். நான் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். என் பெயர் நிம்மி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. போனில் "சிஸ்டம் பொண்ணா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். சில நாட்களில் நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்பதெல்லாம் அக்காவின் காலண்டரில் இருக்கும். வெளியூர்க்காரர்களை முந்தின நாளே போனில் கூப்பிட்டு வரச் சொல்வார். அவர் போன் எங்கேஜாக இருந்தால் மணி என் மேஜையில் அடிக்கும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மவுஸை இழுப்பது அக்காவின் பழக்கம். முதல்முறை காலண்டர் அப்படித்தான் தொலைந்தது.

"நிம்மி, ஸ்வல்ப மேல வாம்மா. காலண்டரையே காணோம் கணே" என்று கன்னடம் கலந்த தன் தமிழில் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். உடனே சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியை எனக்காக அவரே இழுத்துப் போட்டிருந்தார். காபி வந்தது. தன் டப்பாவிலிருந்து புளியோகரையில் பாதியை எனக்கு வைத்தார். "இவ்ளோ ஒல்லியா இருந்தா எப்படிம்மா? நாளைக்கு உன்னையும் இப்படித்தான் தேடணும்" என்றார். சிரித்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு இரண்டு மாதம் எதுவும் தொலையவில்லை. படியில் இறங்கும்போது அக்கா தலையசைப்பார். அவருக்கு வேலை அதிகம்.

பழுது பார்ப்பதற்காக அவர் மெயிலை என் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருந்தேன். என் அறையில் நான் இழுத்தால் மாடியில் அவருக்கும் நகரும். அடுத்த மூன்று முறை இழுத்தது நான். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒரு காபி. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

தசரா ஊர்வலம் வியாழக்கிழமை. சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் வியாழக்கிழமை நோயாளிகளைப் புதன்கிழமைக்கு மாற்றினீர்கள். செவ்வாய் மதியம் அக்கா எல்லோரையும் கூப்பிட வேண்டும். அன்று காலை விடுதியில் எல்லோரும் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் காலண்டரையும், இந்த முறை காண்டாக்ட்ஸையும் சேர்த்து, பழைய மெயில்கள் கிடந்த ஃபோல்டருக்குள் இழுத்து விட்டேன்.

அக்கா ரிசப்ஷனில் இருந்த ஃபைல்களைப் புரட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மாலைக்குள் எல்லோரும் கிடைத்தார்கள், தொட்டையனைத் தவிர. அவர் ஹனூர்ப் பக்கத்து விவசாயி. போன மாதம்தான் நம்பரை மாற்றியிருந்தார். புது நம்பர் காண்டாக்ட்ஸில் மட்டும் இருந்தது. ஒருமுறை அத்தனை தூரம் பஸ்ஸில் வந்து, மெஷின் பழுது என்று திரும்பிப் போனவர். இனிமேல் நான் போன் செய்யாமல் வராதீர்கள் என்று அக்காவே அவரிடம் சொல்லியிருந்தார்.

"அந்த ஹனூர்க்காரர் நம்பர் மட்டும் கெடச்சாப் போதும் கணே. நான் கூப்பிடுவேன்னு உக்காந்தே இருப்பார் அந்த மனுஷன்" என்றார்.

"தேடிட்டுத்தான் இருக்கேன்க்கா" என்றேன்.

விடுமுறையிலும் அக்கா வந்தார். மாடியில் நாங்கள் இருவர் மட்டும். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தார். என் தோளில் கையை வைத்தபடியே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கையின் கனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டையனின் மனைவி பூவாத்தாள் அக்காவைக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"எங்கூட்டுக்காரரு வெடியால தவறிட்டாருங்க. போன மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தாருங்க. போலாம் வாங்கன்னு நானுஞ் சொன்னனுங்க. காத்திருக்கச் சொல்லீருக்கறாங்க, சொல்லாம போனா மெசின் இருக்காதுன்னுட்டாருங்க."

அக்கா போனை வைத்தார். நான் ஃபோல்டர்களை அவற்றின் இடத்தில் வைத்தேன். அதற்குமேல் தேட எதுவும் இல்லை.

கவனக்குறைவு என்று அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். அவர் மறுக்கவில்லை. "காத்திருக்கச் சொன்னது நான்தான்" என்று உங்களிடமே சொன்னார். மண்டி மொஹல்லாவில் அவர் வீட்டுக்குத் தினமும் மாலையில் போகிறேன். வேறு யாரும் வருவதில்லை. இரண்டு தட்டு வைப்பார். "நீ ஒருத்திதாம்மா என்னைத் தேடி வர்றே" என்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் தீபக் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துப் போகிறான். வீட்டைக் காலி செய்கிறார்கள்.

நான் இதைச் சொன்னதால் விசாரணை இன்னும் முடியவில்லை என்றால் அவர் மைசூரில்தானே இருக்க வேண்டும், சார்?

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். நம்பரை மறைத்ததற்கு மேல் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லச் சொல்கிறீர்கள், சொல்கிறேன்.

"புதன்கிழமை காலையில தொட்டையனே போன் பண்ணினார் சார். அக்கா லைன் எங்கேஜா இருந்துச்சு, என் டேபிள்ல மணி அடிச்சது. கெளம்பி வரட்டுங்களான்னு கேட்டார். அவர் வந்துட்டா அக்கா தேடுறதை நிறுத்திடுவாங்க. வேண்டாம், அக்கா கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் காத்திருங்கன்னு நான்தான் சொன்னேன்."