பெரிய பாவாடையின் நம்பர்

என் பெயர் மலர்கொடி, வயது 34, கணவர் பெயர் பாவாடை. மரக்காணம் உப்பளத் தெருவில் குடியிருக்கிறேன். உப்பளத்தில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கொட்டும் வேலை செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். இன்று காவல் நிலையத்துக்கு நானே வந்து, தலைமைக் காவலர் அய்யா கேட்கக் கேட்கச் சொல்வது இது.

என் மாமனார் செல்லப்பனுக்கு இரண்டு மகன்கள். எங்கள் குலதெய்வம் பாவாடைராயன் என்பதால் இருவருக்குமே பாவாடை என்றுதான் பெயர் வைத்தார்கள். மூத்தவர் பெரிய பாவாடை, இளையவரான என் கணவர் சின்ன பாவாடை. ஊரில் ஒருவரும் இவர்களை மாற்றிக் கூப்பிட்டது கிடையாது. ஆனால் பெரிய, சின்ன என்பதைப் பள்ளிக்கூடத்திலும் எழுதவில்லை, ஆதாரிலும் எழுதவில்லை. ஆதாரில் இருவரும் பாவாடை, தந்தை பெயர் செல்லப்பன், ஒரே விலாசம். போட்டோவைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று அய்யா கேட்டார். ஆதார் போட்டோவில் யார்தான் அவரவராக இருக்கிறார்கள்?

என் கணவர் பஹ்ரைனில் கட்டட வேலை செய்கிறார். அவருடைய பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதால் அங்கேயே இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்க மனுக் கொடுக்கப் போனார். அங்கே ஆதார் நம்பர் கேட்டிருக்கிறார்கள். உடனே எனக்குப் போன் செய்து, "என்னைக் கூப்பிட்டுட்டாங்க, நம்பரச் சீக்கிரம் சொல்லு" என்றார். வீட்டில் எல்லார் கார்டும் ஒரே கவரில் இருக்கும். பாவாடை என்ற பெயரைப் பார்த்ததும் அந்த நம்பரைப் படித்துவிட்டேன். அது என் மூத்தார் பெரிய பாவாடையுடைய கார்டு.

அதன் பிறகு போலீஸ் விசாரணைக்காக அந்த மனு இந்த நிலையத்துக்கு வந்தது. போன வருஷம் உப்பளத்துக்கு வண்டி போகிற பாதை விஷயமாக நடந்த தகராறில் என் மூத்தார் மேல் வழக்கு இருக்கிறது. அவர் கை ஓங்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும், இருந்தாலும் வழக்கு வழக்குதான். ஜாமீனில் வந்தவர் வாய்தாவுக்குப் போகாததால் வாரண்ட் ஆனது. ஜாமீன் பேப்பரில் இருக்கும் ஆதார் நம்பரும் மனுவில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்ததால், தேடப்படும் ஆள்தான் வெளிநாட்டில் இருந்து பாஸ்போர்ட் கேட்கிறான் என்று மனுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு என் கணவர் கார்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். ரெண்டு பேர் இருக்கிறார்கள், ஊரைக் கேளுங்கள் என்றேன். அதற்கு அய்யா, "ஊரு சொல்றத ரிப்போர்ட்ல போட முடியாதும்மா. அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் நேர்ல வந்து நிக்கட்டும், ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் என் ஓரகத்தி சுலோசனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "உன் ஊட்டுக்காரரு வர்றதுக்கு என் ஊட்டுக்காரரு உள்ள போணுமா?" என்று கேட்டாள். என் பிரசவத்தில் என்னைத் தூக்கி வேனில் ஏற்றியவள் அவள்.

அதன் பிறகு என் கணவரிடம் பேசினேன். பாஸ்போர்ட் இல்லாததால் விசா நீட்டிக்கவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், ரூமை விட்டு வெளியே போனால் பிடித்துவிடுவார்கள் என்றார். "அண்ணனக் காட்டிக் குடுத்துட்டு நான் வரணுமா? இங்கயே கெடந்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறுபடி அவரே கூப்பிட்டு, "வேற வழி எதுவும் இல்லியா மலரு?" என்றார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டது இல்லை. எனக்கு அவர் வேண்டும். இதை வாக்குமூலத்தில் எழுதலாமா என்று கேட்டேன், எழுதலாம் என்றார்கள்.

என் மூத்தார் இப்போது எங்கே இருக்கிறார் என்று அய்யா கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னேன். இந்த ஒரு வருஷமாக யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் அதைத்தான் சொல்கிறோம். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். தெரியாது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

என் மூத்தார் பெரிய பாவாடை கிளியனூர்ப் பக்கம் கோழிப் பண்ணை ஒன்றில் லோடு ஏற்றும் வேலையில் இருக்கிறார். அங்கே அவர் பெயர் அசோகன். அவரை அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். இடத்தைச் சொன்னது யார் என்று சுலோசனாவிடம் போலீசார் மறைக்க வேண்டியது இல்லை, நானே போய்ச் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்றுதான்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை, அவ்வளவும் நிஜம்.

(ஒப்பம்)
பா. மலர்கொடி