வாங்கக்காவுக்கு ஒரு பன்னிரண்டு சொல் அட்டை

வந்திறங்கிய வீட்டாரை வாசலிலேயே வரவேற்று, வாடிய முகங்களை மலரவைத்து, பெட்டிகளை எண்ணும் முன்பே பிள்ளைகளை எண்ணிய பெருந்தகையே! கடல் கடந்து வந்த கைக்குழந்தைக்கும், அதைவிடக் கலங்கி நின்ற அதன் தகப்பனுக்கும் ஒரே கரிசனத்தோடு கைகொடுத்த கனிவே! குழந்தையுள்ள குடும்பங்களைக் குடியமர்த்தும் இப்பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் கோலோச்சியும், குடையை மட்டும் ஒருநாளும் மறக்காமல் கொண்டுவந்தறியாத எங்கள் குலவிளக்கே! வணக்கம்.

முறைப்படி இம்மடலை யாத்திருக்க வேண்டியவர் தலைமை எழுத்தர். அவர் “அன்பின் ஆழியே” என்று ஆரம்பித்து, அடுத்த அடி அகப்படாமல் மூன்று நாள் அந்த ஆழியிலேயே முங்கிக் கிடந்தபடியால், கோப்பறையில் குப்பை கொட்டும் என் கைக்கு இது வந்தது. முதலில் ‘தாங்கள்’ என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தால் வேறு யாரோ ஓய்வுபெறுவது போலிருந்தது. ஆகவே அடித்துவிட்டு ‘நீங்கள்’ என்றே போட்டிருக்கிறேன். பொறுத்தருள்க.

இரண்டாண்டு, மூன்றாண்டுப் பணிக்கென்று நம் நிறுவனம் ஊரிலிருந்து ஓர் ஆளைத்தான் அழைக்கிறது. விமானத்திலிருந்து இறங்குவதோ ஒரு குடும்பம். மற்ற பிரிவினர் வேலைக்கு வந்தவரின் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்து நிற்க, நீங்கள் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளையின் செல்லப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பிடித்து நிற்பீர்கள். முன்பின் தெரியாத ஊரில் தன் பெயரைப் பார்த்த குழந்தை வாயைப் பிளக்கும். நீங்கள் இரண்டு கையையும் நீட்டி, “வாங்க” என்பீர்கள். அறுபது வயதுக்காரருக்கும் ‘வாங்க’, பால்புட்டி வாயில் தொங்கும் வாண்டுக்கும் அதே ‘வாங்க’. அதனாலேயே உங்கள் பெயர் வாங்கக்கா ஆயிற்று. “அக்கா எப்பப் பார்த்தாலும் வாங்க வாங்கன்னு சொல்றாங்களே, என்னத்த வாங்க?” என்று ஒரு வாண்டு கேட்டதும், அதற்கு விடை சொல்லத் தெரியாமல் நீங்கள் ஒரு பந்து வாங்கிக் கொடுத்ததும் இங்கே எல்லோரும் அறிந்த கதை.

வீடு பார்க்கும் வித்தையில் உங்களை விஞ்ச யாருண்டு? குடும்பம் வருவதற்கு முதல்நாள் நீங்கள் அந்த வீட்டில் முழங்காலிட்டுத் தவழ்வீர்கள். மேசை முனை எந்த நெற்றிக்கு நேராக வருகிறது, மின்செருகு எந்த விரலுக்கு எட்டுகிறது, பால்கனித் தாழ்ப்பாள் எந்தக் கைக்கு அகப்படுகிறது என்றெல்லாம் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது என்பது உங்கள் கட்சி. அப்படித் தவழ்ந்தவரைக் கண்ட காவலாளி, கம்மல் தொலைந்துவிட்டதாக்கும் என்று தானும் முழங்காலிட்டு அரைமணி நேரம் தேடினார். கடைசியில் அவர் கண்டுபிடித்தது உங்கள் மூக்குக் கண்ணாடியை. அது தொலைந்தது உங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

பிள்ளைக்குத் தனியறை என்று நிறுவனம் பெருமையோடு கொடுக்கும். நீங்களோ அந்தக் கட்டிலை இழுத்துவந்து பெரிய கட்டிலோடு ஒட்டிப்போட்டு, நடுச்சந்தில் போர்வையைச் சுருட்டித் திணித்து, “முதல் மாசம் எல்லாரும் ஒண்ணாத்தான் படுப்பாங்க, நமக்குத் தெரியாதா” என்பீர்கள். குளியலறையில் ஒரு வாளியும் குவளையும் வைக்காமல் எந்த வீட்டுச் சாவியையும் நீங்கள் கொடுத்ததில்லை. வந்த முதல் வாரமே வேலைக்கு ஓடப் பார்க்கும் கணவன்மாரை நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்கியதை இச்சபையில் விரிக்க வேண்டாம். வாங்கிக்கொண்டவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

இனி, என் கதை. மறைப்பானேன்? பத்தாண்டுக்கு முன் நீங்கள் கரைசேர்த்த குடும்பங்களில் ஒன்று என்னுடையது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஊரில் அவள் வாய் ஓயாது. இங்கே பள்ளியில் சேர்த்த இரண்டாம் வாரம் அந்த வாய் மூடிக்கொண்டது. பள்ளியில் மட்டுமல்ல, வீட்டிலும் ஒரு சொல் இல்லை. பத்தொன்பது நாள்! மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். எனக்குப் பித்துப் பிடிக்காத குறை. சனிக்கிழமைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நானும் மகளும் ஊருக்குப் போவது, கணவர் தம் இரண்டாண்டுப் பணி முடியும்வரை இங்கே தனியாகக் கிடப்பது என்று முடிவாயிற்று. அவர் காலணி அலமாரிமேல் உட்கார்ந்து, மகளின் குட்டிச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சாவியில் என் பங்கை ஒப்படைக்க இந்த அலுவலகத்துக்கு வந்தேன். ‘கொஞ்சம் பொறுத்துப் போங்க’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் சண்டைக்கே வந்திருப்பேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. “பள்ளிக்கூடத்துல பிள்ளை கடைசியா என்ன சொல்லுச்சு? யாராவது கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கையோடு பள்ளிக்கு இழுத்துப் போனீர்கள். ஆசிரியை யோசித்துப் பார்த்து, நல்ல ஞாபகம் இருக்கிறதே என்று மகிழ்ச்சியோடு சொன்னார்: குழந்தை பொம்மை அலமாரிப் பக்கம் நின்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாளாம், பொம்மையைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தாராம், பாவம், அதற்குள் பாவாடையை நனைத்துவிட்டாளாம். அந்தச் சொல் நினைவாக அன்றுமுதல் வகுப்பு முழுக்க அந்தப் பொம்மையை அப்பெயரிட்டே அழைக்கிறார்களாம். பெயர்ச்சீட்டுகூட ஒட்டியிருந்தார். அவர் வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொம்மையின் பெயர் ‘ஒண்ணுக்கு’.

என் மகள் அவமானப்பட்ட சொல்லை இருபது பிள்ளைகள் நாள்தோறும் கூவியிருக்கிறார்கள், அன்போடுதான். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அந்த ஆசிரியையை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து, ஓர் அட்டையை எடுத்து, இந்த ஊர் எழுத்திலேயே நம் சொற்கள் பதினொன்றை எழுதினீர்கள்: தண்ணி, வலிக்குது, பயமாயிருக்கு, அம்மா எப்ப வருவாங்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒண்ணுக்கு. பன்னிரண்டாம் வரியை வெறுமையாக விட்டு, “உங்க வீட்டுல மட்டும் சொல்ற சொல் ஒண்ணு இருக்குமே?” என்று என்னைக் கேட்டீர்கள். என் மகள் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் கிழிந்த துண்டின் பெயர் ‘புஸ்ஸு’. அதையும் எழுதினீர்கள். பிள்ளைக்கு ஊர்மொழி தானாக வரும், அதுவரை பெரியவர்கள் பன்னிரண்டு சொல் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று ஆசிரியையிடம் கேட்டீர்கள். அவரும் நல்ல மனுஷி. அன்றே மனப்பாடம் செய்தார்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் பயணம். என் மகள் வகுப்பில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டு, வாய்க்குள்ளேயே “ஒண்ணு” என்றாளாம். ஆசிரியை பாய்ந்துவந்து தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடியிருக்கிறார்! திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் “ஒண்ணு, ரெண்...” என்பதற்குள் மறுபடியும் ஓட்டம். மூன்றாம் தடவை ஆசிரியைக்கு மூச்சு வாங்கியது, மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் சொன்னாள்: “அம்மா, டீச்சருக்கு எண்ணவே தெரியலம்மா. நான்தான் சொல்லிக்குடுக்கணும்.”

கட்டிய பெட்டியைப் பிரித்தேன். உங்களைத் தொலைபேசியில் அழைத்து விசும்பினேன். அட்டையின் அடியில் ‘எண்ணும்போது கவனிக்கவும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றீர்கள். அந்த வரி இன்றும் நம் அட்டையில் அச்சாகிறது. அந்த அட்டை போகாத பள்ளியில்லை, மருத்துவமனையில்லை, பள்ளிப் பேருந்து இல்லை. ஈராண்டு முடிந்தபின்னும் நாங்கள் இங்கேயே தங்கிவிட, மறு ஆண்டே எனக்கும் இப்பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. கதாநாயகி இப்போது பதினான்கு வயதுப் பெண்ணாக இரண்டாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கிறது.

இப்படி ஊருக்கெல்லாம் வழிசெய்த நீங்கள், போன மாதம் சாவிகளுக்குச் சீட்டு ஒட்டியபடி நம் ஓட்டுநரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறீர்கள். மகள் வீட்டோடு இரண்டாண்டு இருக்கப் போகிறீர்கள். அதுவோ வேறு நாடு, வேறு மொழி. மகளும் மாப்பிள்ளையும் காலையில் போனால் சாயங்காலம்தான். “எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டாச்சு. அங்க என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல யாரு இருக்கா? வரலைன்னு சொல்லிடலாமான்னு பாக்குறேன்” என்றீர்களாம். இதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னீர்களாம். ஓட்டுநர் ரகசியத்தைக் காத்தார். அதாவது, மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அக்கா, எங்களுக்கு உங்கள்மேல் கோபம். இருபத்தாறு ஆண்டு பக்கத்தில் இருந்த எங்களுக்கு அட்டை எழுதத் தெரியாதா? உங்கள் மகளிடம் விசாரித்தோம். அவர்கள் வீட்டுக்கு நேர்கீழே ஒரு தையற்காரம்மா, கடையும் வீடும் ஒன்றாக வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாராம். அவருக்கு உங்கள் பேரில் ஓர் அட்டை, அந்நாட்டு எழுத்தில், உங்கள் மகள் உதவியோடு எழுதி அனுப்பினோம். டீ குடிக்கலாமா, முட்டி வலிக்குது, கண்ணாடியைக் காணோம், குடையை மறந்துட்டேன், சும்மாதான் வந்தேன் என்று வரிசையாகப் பதினொன்று. ‘ஒண்ணுக்கு’ வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுநருக்கும் தலைமை எழுத்தருக்கும் வாக்குவாதமே நடந்தது. உங்கள் மரியாதை கருதி விட்டுவிட்டோம். பன்னிரண்டாம் வரியில் உங்களுக்கென்று மட்டும் உள்ள சொல்லை எழுதினோம். அதில் யாருக்கும் வாக்குவாதமில்லை.

ஆகவே நடமாடும் நல்லுள்ளமே! முட்டி வலி முற்றிலும் மறைய, கண்ணாடி கண்ணிலேயே தங்க, குடை கூடவே வர, மகள் வீட்டில் மகிழ்ந்திருந்து, மனம்போல் நூறாண்டு வாழ மனமார வாழ்த்துகிறோம். போங்கள், அக்கா. போய்விட்டு வாருங்கள்.

மடலின் முடிவுச் சொல்லை நான் வாசிக்கப் போவதில்லை. ஓட்டுநர் தம் கைப்பேசியை ஒலிபெருக்கியருகே பிடித்து நிற்கிறார். தையற்காரம்மா ஒன்பது நாள் பழகிப் பழகி, நேற்றுத்தான் பேசி அனுப்பினார். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும், பிறகு நிற்கும். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், குறை சொல்லக்கூடாது. கேளுங்கள்.

“வாங்கக்கா.”

இவண்,
நீங்கள் வாங்க என்றழைத்ததால் வந்து சேர்ந்த,
குடும்பக் குடியமர்வுப் பிரிவின் பணியாளர்கள்