கேமராவுக்கு வைத்த பொட்டு

பாஸ்வேர்டைத் தினசரிக் காலண்டரில் எழுதி வைக்காதீர்கள் என்று பத்து வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லிவருகிறேன் சார். ஒருத்தர் கேட்டதில்லை. தாராவியில் நான் கம்ப்யூட்டர் மாட்டிக்கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் குலசாமி பேரும் ஒன்று இரண்டு மூன்றும்தான் பாஸ்வேர்டு. திருட வருகிறவன் திருநெல்வேலிக்காரனாக இருந்தால் அரை நிமிடம் போதும்.

தமிழில் எழுதித் தரலாம் என்றீர்கள், நன்றி. என் பேர் சுடலைக்கண்ணன். தொண்ணூறடி ரோட்டில் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க மண்டபத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி இலவசமாக வகுப்பு எடுக்கிறேன். பதறவைத்து அவசரப்படுத்துகிற மெயில் வந்தால் நம்பாதே, முதலில் போன் போட்டு விசாரி என்பதுதான் என் முதல் பாடம். எல்லாரும் தலையைத் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்ததை அமுக்கிவிட்டு, "அண்ணாச்சி, என்னமோ ஆயிட்டு" என்று என்னிடமே ஓடி வருவார்கள். இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய.

தோல் பட்டறையில் வேலை பார்க்கும் பிரம்மநாயகம் அண்ணாச்சி வீடும் அந்த ரகம்தான். மகள் விஜயராணி டிகிரி முடித்ததும், வேலை தேடட்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். புனேயிலோ பெங்களூரிலோ ஒரு வேலை கிடைத்து கோலி என்கிற அந்த ஒற்றை அறை வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லையா, பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தார்கள். "நம்ம தம்பிதான, எல்லாத்தையும் நீயே பாத்துக்கிடு" என்றார் அண்ணாச்சி. பார்த்துக்கொண்டேன். என் கடையில் உட்கார்ந்தபடி அந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் போட்டுவைத்தேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அண்ணாச்சியின் மனைவி பூமாரி மதினி கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார். மானிட்டர் தலையில் இருந்த கேமராவின் கண்ணில் சரியாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம். பத்து வருடத்தில் தாராவியில் ஒருத்தர் செய்த ஒரே உருப்படியான பாதுகாப்பு அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது. மிஷின் கெட்டுப்போகும் மதினி என்று சொல்லி நான்தான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

முதல் வேலை புனேயிலிருந்து வந்தது. அந்த மெயிலை அவளுக்கு முன்னால் நான் பார்த்தேன். முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே அறை, யார் யாரோ வந்து போகிற இடம். கடைசியில் அவஸ்தைப்படப் போவது யார். குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று அவள் பேரில் பதில் எழுதிவிட்டு இரண்டையும் அழித்தேன். பணிவான கடிதம்தான். அவளைவிட என் இங்கிலீஷ் மேல். இரண்டு வருடத்தில் அப்படி ஏழு கடிதம் எழுதினேன்.

"இன்டர்வியூ எல்லாம் நல்லாத்தான் பண்ணுதா தம்பி, ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கான். மிஷின்ல எதும் கோளாறா?" என்று மதினி கேட்டார். நான் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, மிஷின் சுத்தமாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. வைரஸ் ஒன்றுகூட இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் வீட்டில் தனியாக இருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்துபோய் அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். போன் பண்ணியிருக்கலாமே என்கிறீர்கள். பண்ணினால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ரேஷன் கடைக்குப் போன மதினி இருபது நிமிடத்தில் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். நாற்பது ஆகிவிட்டது. அதுவரை கடைக்கு வந்தவர்களை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் தனியாகக் கிடந்தாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது சரியில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கம்பெனியிலிருந்து அவளுடைய போனுக்கே கூப்பிட்டு, ஏன் வேண்டாம் என்று எழுதினாய் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னா, உங்ககிட்டயும் சொல்லக்கூடாதா சித்தப்பா?"

"என்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா."

வீட்டுக்குப் போய் மாற்றினாள். கடையில் இருந்தபடி ஒவ்வொரு எழுத்தாக நானும் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் தன் சிநேகிதிக்கு ஒரு மெயில் எழுதினாள். அம்மாவுக்கு நெஞ்சுவலி, சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வேறு யாருக்கும் சொல்லவில்லை என்று. ஷட்டரை இழுத்து விட்டேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு டாக்சியில் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் மதினி ஒரு குறையுமில்லாமல் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அண்ணாச்சி, விஜயராணி, உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேர். யாரும் சத்தம் போடவில்லை. மதினிதான் கேட்டார்.

"ஒனக்கு யாரு தம்பி சொன்னா?"

முதல் பாடத்தை நானே மறந்துபோனேன் பார்த்தீர்களா. ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். பதறிவிட்டேன். அந்த வீட்டின் மேல் அக்கறை இல்லாதவன் அப்படி ஓடுவானா சார்.

புரோகிராம் போட்டது, பார்த்தது, ஏழு வேலையையும் வேண்டாம் என்று எழுதியது, அந்த நாற்பது நிமிடம், எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். விஜயராணி புனேக்கு வேலைக்குப் போய்விட்டதாகவும், மதினி அந்தக் கேமராவுக்கு மறுபடியும் பொட்டு வைத்துவிட்டதாகவும் உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். வைக்கட்டும். ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். என்னை இங்கே வைத்துப் பதினோரு நாளாகிறது. பதினோரு நாளாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை.