சேய்னி வீட்டு வழியா ஏர்போர்ட்டுக்கு

இல்ல டீச்சர், வழி தப்பல. ஏர்போர்ட் ரோடு அந்தப் பக்கந்தான், எனக்குத் தெரியாதா? பயந்துடாதீங்க, உங்களைக் கடத்திட்டுப் போயி நான் என்ன பண்ண, பணம் குடுக்கறதுக்கு ஆளு வேணாமா! என் தங்கச்சி சேய்னி வீடு வரைக்கும். அஞ்சே நிமிஷம். அவளுக்கு ஏழு மாசம். இன்னொரு தடவை ரத்த டெஸ்ட் எடுத்துக்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வேனைப் பறக்க விட்டு உங்களைப் ப்ளேன்ல ஏத்திடறேன்.

நாளைக்கு ஃபோன்ல சொல்றீங்களா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, டோங்காவுல கோழி கூவறதுக்கே யோசிக்கும். அப்புறம் நீங்க மெல்போர்ன்ல, நான் இங்க. ஹெல்த் ட்ரெய்னிங் முடிஞ்சுதுன்னு மாலையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. உங்களை எங்க போய்ப் புடிப்பேன்?

எடுத்தாச்சுதான். மூணாம் மாசமே எடுத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. அது அப்போ. இப்ப எடுக்கணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க.

நானா? நான் சொல்றதா? ஆறு மாசமா இந்த ஊரு சோத்தைத் தின்னுட்டுக் கேக்கற கேள்வியா இது! இங்க அண்ணன் தங்கச்சின்னா, டிவியில முத்தம் குடுத்தாக்கூட நான் வாசலுக்கு ஓடணும், இல்ல அவ அடுப்படிக்கு ஓடணும். அந்தச் சிபிலிஸ் வியாதிப் பேரை நான் எடுத்தா, காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுவா, அப்புறம் அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது. சர்ச் ஹால்ல பாத்தீங்கல்ல? அண்ணன் தங்கச்சி எல்லாரையும் ஒரே பாயில உக்கார வச்சிட்டு, மரவள்ளிக்கிழங்குக்கு உறை மாட்டிக் காட்டுனீங்களே, மகராசி! ஹாலே காலி. நீங்க கிழங்கும் கையுமா முழிச்சீங்க பாருங்க... அன்னிலேர்ந்து எங்க தெருவுல கிழங்கு வெந்தாலே சிரிக்கிறானுங்க.

சேய்னியும் வந்திருந்தா டீச்சர். ஸ்பீக்கரைத் தூக்கிட்டு நான் உள்ள வந்தேன், என்னைப் பாத்ததும் எழுந்து போயிட்டா. ஸ்பீக்கருக்குக் காவலா நின்ன நான்தான் கடைசி வரைக்கும் கேட்டேன். அம்மாவுக்கு இருந்தா வயித்துப் புள்ளைக்கும் ஏறும், செத்தே பொறக்கலாம்னீங்க. நேரத்துல ஊசி போட்டா காப்பாத்திடலாம்னீங்க. ஏற்கெனவே ஒண்ணைப் புதைச்சிருக்கா. அந்தக் குட்டிப்பொட்டியை நான்தான் மடியில வச்சிக்கிட்டு இதே வேன்ல போனேன். இன்னொரு தடவை என்னால முடியாது, டீச்சர்.

நர்ஸா? அவ என் மாமா பொண்ணு. எங்களுக்கு மாமா பொண்ணும் தங்கச்சிதான், அத்தை பொண்ணும் தங்கச்சிதான், தொட்டதெல்லாம் தங்கச்சி. பாஸ்டர்கிட்ட சொன்னா, நாளைக்கே பேரைச் சொல்லி ஜெபம் பண்ணி ஊரையே அழ வச்சிடுவாரு. உங்களைக்கூட நான் ஒரு நாளும் தங்கச்சின்னு கூப்பிட்டதில்ல, கவனிச்சீங்களா? கூப்பிட்டிருந்தா இந்தப் பேச்சே பேச முடியாது. வெவரமான ஆளு நானு.

என் பொண்டாட்டி லோஸேயா? அவ... அவ வேணாம். அதை விடுங்க.

இதோ, இந்த நீலக் கேட்டுதான். பன்னி குறுக்க வரும், மெரண்டுடாதீங்க, அதுக்கு வெள்ளைக்காரங்கன்னா பிரியம். ஏழாம் மாசம் எல்லாரும் எடுக்கணும்னு சொல்லுங்க, போதும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல நானே எறக்கி விட்டுடறேன், எதுக்குன்னு நானும் கேக்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. நான் வண்டியிலயே இருக்கேன். ரேடியோவை அலற விட்டுக்கிறேன், ஒரு வார்த்தை என் காதுல விழாது. அவ புருஷன் தனியேலா வீட்ல இல்ல, கடலுக்குப் போயிருக்கான், பாத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்.

காலைப் புடிக்கணுமா? ஓட்டிக்கிட்டே புடிக்க முடியாதேன்னு பாத்தேன், இப்பதான் வண்டி நின்னுடுச்சே.

திரும்பவும் லோஸேயா? விட மாட்டீங்களே!

போன வாரம் நானும் அவளும் ஒண்ணாப் போய்த்தான் அந்த ஊசியைப் போட்டுக்கிட்டோம். வரும்போது ரெண்டு பேராலயும் சீட்டுல நேரா உக்கார முடியல, ஆளுக்கொரு பக்கம் சாஞ்சுக்கிட்டு, பாக்கறவன் என்ன நெனச்சானோ. எங்கேர்ந்துடி வந்துச்சுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் இந்த வீட்டுக்காரன் பேரைச் சொன்னா.

எறங்குங்க டீச்சர். பெட்டி இங்கயே இருக்கட்டும்.