ஒரே கணினியில் இரண்டு மூளை

அவைத் தலைமையை அழகு செய்யும் அண்ணன் ராஜமாணிக்கம் அவர்களே! மின்விசிறி மெல்லச் சுழன்றாலும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! பக்கத்து மங்களூரிலிருந்தும் நல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பெரியோர்களே! பின்னால் நின்றபடி ‘சீக்கிரம் முடிங்க’ என்று அன்போடு விரட்டும் தம்பிகளே! நடுவனாய் நின்ற இந்த நாவுக்கு நாலு நிமிடம் தாருங்கள். ஐந்தாவது நிமிடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்!

இன்று நம் விருத்தாசலத்தில் சதுரங்கம் ஆடியது யார்? மனிதரா? இல்லை, மனிதர் எழுதிய மென்பொருள்கள்! செஸ் எஞ்சின் என்பார்கள். பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்தும் சாமிதுரை எழுதியது ‘கொளஞ்சி’. பள்ளியில் கணினி கற்பிக்கும் லிசா எழுதியது ‘முத்தாறு’. இரண்டும் மோதியது நம் சதுரங்கச் சங்கத்தின் ஒரே கணினியில். மாவட்டப் போட்டிக்குப் போவது ஒன்றுதான். உள்ளே நுழையும்போதே லிசா என்னிடம் சொன்னார்: “சார், இன்னிக்கும் தோத்துட்டா இத்தோட வுட்டுடுறேங்க. எனக்கு இது வராதுன்னு அர்த்தம்.”

காலையில் கொளஞ்சி வெளுத்து வாங்கியது! அடி என்றால் அடி, அடிமேல் அடி! லிசாவின் கண் கலங்கிவிட்டது. கோப்பையைக் கொடுத்தோம், கைதட்டினோம். வாங்கிய சாமிதுரையோ திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்! “போட்டோவுக்குச் சிரிங்க” என்றேன். அவர் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டார்.

“ஐயா, இது செல்லாதுங்க. லிசா எஞ்சின் யோசிக்கிற நேரத்துலயும் என்னுது சும்மா இல்லாம யோசிச்சிட்டே இருந்துருக்குது. வூட்டுல தனி கம்ப்யூட்டர்ல ஓட்டுற பழக்கத்துல அத நிறுத்தாம வந்துட்டேன். ரெண்டு பேர் சரக்கும் ஒரே சூளையில வேகுறப்ப, தீயை நான் ஒருத்தனே இழுத்துக்கிட்டா அவங்க சரக்கு வேகாமத்தானே வரும்?”

கேட்டீர்களா? கண்டுபிடித்தவர் தோற்றவரா? நடுவனாகிய நானா? நான் வடை தின்றுகொண்டிருந்தேன்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, வடை நன்றாக இருந்தது.

மதியம் மறுபடியும் மோதவிட்டோம். சாமிதுரை பட்டறையில் ஒரு வழக்கம்: முதல் வேக்காட்டில் சூளையின் மேல்தட்டில் இருந்த சரக்கு அடுத்த வேக்காட்டில் கீழ்த்தட்டுக்கு இறங்கும். அப்படியே செய்தோம். ஒரே தொடக்கம், ஒருமுறை வெள்ளைக் காய், மறுமுறை கறுப்புக் காய். நினைவகம் சரிபாதி. தன் முறை வராமல் யாருக்கும் யோசனை கிடையாது! அதே கணினியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த பக்கிரி அண்ணனையும் நிறுத்தச் சொன்னோம். பாட்டு எங்கே என்று கேட்டவர்களே, காரணம் இதுதான்!

முடிவு? ஒரே ஒரு புள்ளியில் கொளஞ்சிக்கே வெற்றி! ஆம், லிசா மறுபடியும் தோற்றார். நானே போய்க் கேட்டேன்: “என்னம்மா, வுட்டுடப் போறீங்களா?”

“எங்க சார் வுடுறது? காலையில எதால தோத்தேன்னே புரியல. இப்ப புரியுது. காய் குறைஞ்சதும் முத்தாறு சிப்பாய கவனிக்காம வுட்டுடுது. அத சரிபண்ணிட்டு அடுத்த வருசம் அண்ணன ஒரு கை பாக்குறேன்!” என்று சிரிக்கிறார்!

தோற்றவருக்குத் தன் தோல்விமேல் நம்பிக்கை வந்துவிட்டது. வென்றவருக்குக் கூச்சம் போய்விட்டது. நேர்மையான களம் இதைவிட வேறென்ன தர வேண்டும்? சொல்லுங்கள், வேறென்ன தர வேண்டும்?

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். பக்கிரி அண்ணே, இனி பாட்டைப் போடுங்கள். சாமிதுரை, வாருங்கள். கோப்பையை இப்போது எடுங்கள். போட்டோவுக்குச் சிரிங்க!