கிணற்றுக்கு வந்த குரல்

ராட்டினத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்க்கிறவன் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. முதல் இதுதான். உயரம் எனக்கு ஆகாது, வேகமும் ஆகாது. அதனால்தான் வேலைக்குச் சேர்ந்தபோதே பேய்க் குகையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தரையோடு தரையாக, நடக்கிற வேகத்தில் போகும் சவாரி அது. இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி இருட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். வழியில் ஒரு எலும்புக்கூடு தலையைத் தூக்கும், ஒரு கை கதவைத் தட்டும், கடைசியில் கிணறு வரும். வாசலில் நின்று சீட்டை வாங்கி, இடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு, பொத்தானை அழுத்துவது என் வேலை. காலையில் உள்ளே போய்க் கூட்டித் துடைப்பதும் நான்தான். வேறு யாரும் உள்ளே போகிற வழக்கமில்லை.

கிணறு என்றால் நிஜக் கிணறு இல்லை. இடுப்புயரச் சுற்றுச்சுவர், அதன் மேல் பூட்டுப் போட்ட கம்பி மூடி, உள்ளே இரண்டு ஆள் ஆழத்துக்கு வழவழவென்று சிமெண்டு பூசிய குழி. ஒரு காலத்தில் அந்தக் குழியிலிருந்து தலைவிரி கோலமாக ஒரு பெண் பொம்மை அழுதுகொண்டே எழும்பி வரும். ரசிகர்கள் அவளுக்குக் கிணற்றுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளைத் தூக்கும் மோட்டார் எரிந்துபோனது. மாற்று மோட்டார் கிடைக்கவில்லை என்று பொம்மையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் வண்டி அந்த இடத்தைத் தாண்டும்போது குழிக்குள் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். சத்தம் ஒன்றும் வராது.

பூங்காவுக்குக்கூட ரசிகர்களா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள். செல்போனில் பெரிய குழுவே வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எந்த வளைவில் கிரீச்சிடும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எலும்புக்கூட்டுக்குப் புது வர்ணம் அடித்தபோது ஒருத்தர் என் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே ஆள்தான் அடுத்த சீசனில் புதிதாக என்ன வரும் என்று வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பழசும் போகக் கூடாது, புதுசும் வர வேண்டும். அவர்கள் கதை அப்படி.

குகையை இடித்துவிட்டு, தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் குழு இரண்டாகப் பிரிந்தது. பழசு கட்சி, புதுசு கட்சி. விடிந்தால் அடைந்தால் சண்டை. புதுசு கட்சிக்குத் தலைவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. லீவு நாளில் பூங்காவைச் சுற்றி வீடியோ எடுத்துப் போடுவது ஒன்றுதான் பைத்தியம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கச்சியை நான்தான் வளர்த்து ஆளாக்கினேன். இருட்டு என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். கரண்டு போனால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அப்படி வளர்ந்தவளை நல்ல இடத்தில் கொடுத்தோம் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை பேச்சை எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். அந்தக் குகையில இப்போ பயப்படறதுக்கு என்ன இருக்கு? உள்ள போனா ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்.”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அண்ணனே ஒரு பயந்தாங்கொள்ளி. அதனாலதான் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கு.”

நானும் சிரித்தேன். அவள் சொன்னது நிஜம்தானே. குகை போனால் என்னை ரோலர் கோஸ்டரின் மேல்மேடையில் நிறுத்தப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஒருமுறை மாதிரிப் படத்தைக் காட்டினார். நான் நிற்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காண்பித்தார். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். சீசன் முடிவதற்குள் குகைக்கு வரிசை நின்றால் இடிப்பதை நிறுத்திவைக்கலாம் என்று மேனேஜர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரிசை எங்கிருந்து வரும்? மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. அங்கே பயப்பட ஒன்றுமில்லை.

இடிப்பதற்கு முன்னால் கிணற்றுக்குள் இறங்கிப் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். இதுவரை எந்த ரசிகரும் அதைச் செய்ததில்லையாம். தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை, போட்டால் எல்லோரும் அசந்துபோக வேண்டும் என்றார். பூங்கா திறப்பதற்கு முன்னால் பின்வாசல் வழியாக அழைத்துப்போனேன். மூடியைத் திறந்து ஏணியை இறக்கினேன். மேலேயிருந்து எடுக்கச் சொல்லித் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

“மச்சான், இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் குழி,” என்று கீழேயிருந்து சிரித்தார்.

நான் ஏணியை மேலே எடுத்தேன். கோபத்தில் எடுத்தேனா என்று நேற்று கேட்டீர்கள். கோபம் இல்லை, ஐயா. எடுக்கலாம் என்று தோன்றியது, எடுத்தேன். மூடியைப் பூட்டினேன். “சரி சரி, போதும் மச்சான், பயந்துட்டேன்,” என்றார். அவர் பயப்படவில்லை. பயந்தவனின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய போனை வெளியூர் பஸ் ஒன்றின் சீட்டுக்கடியில் செருகிவிட்டு வந்து, வழக்கம்போலக் குகையைத் திறந்தேன். முதல் வண்டியில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனார்கள். வெளியே வந்தபோது ஒருத்தியின் முகம் வெளுத்திருந்தது, இன்னொருத்தி திரும்பவும் சீட்டு வாங்க ஓடினாள். பொழுது சாய்வதற்குள் குழுவில் விஷயம் பரவிவிட்டது. கிணறு திரும்பி வந்துவிட்டது. பொம்மை இல்லை, குரல் மட்டும், ஆனால் என்ன குரல். பழசு கட்சிக்காரர்கள் தலை கால் புரியாமல் ஆடினார்கள். மறுநாளிலிருந்து வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

இங்கே ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். “யாராவது கேக்குதா? ஐயா, அம்மா, நெஜமாத்தான் சொல்றேன். நான் மனுஷன்.” இதைத்தான் சொன்னார், வண்டிக்கு வண்டி சொன்னார். ரசிகர்களுக்கு அந்த ‘நெஜமாத்தான் சொல்றேன்’ ரொம்பப் பிடித்துப்போனது. வரிசையில் நின்றுகொண்டே ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிப் பயமுறுத்திக்கொண்டார்கள். வசனம் எழுதியவர் யார் என்று என்னிடம் கேட்டார்கள். கிணற்றுக்காரியே மேல் என்று அடம்பிடித்தவர்களும் இருந்தார்கள். பேய் தன்னை மனிதன் என்று சொல்வதுதான் புதுமை என்று மற்றவர்கள் விளக்கினார்கள்.

ஒரே ஒருமுறை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தக் குரல் நம் புதுசு கட்சித் தலைவர் குரல் மாதிரி இல்லையா என்று ஒருத்தர் குழுவில் கேட்டிருந்தார். போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்ப்பதற்குள் பதில்கள் வந்திருந்தன. ஆமாம், பூங்காக்காரர்கள் அவரை விலைக்கு வாங்கிக் குரல் கொடுக்க வைத்திருக்கிறார்கள், அதனால்தான் தலைமறைவாகிவிட்டார், துரோகி. எல்லோரும் சேர்ந்து அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

மேனேஜர் என் தோளைத் தட்டினார். “செலவே இல்லாம எப்படிய்யா பண்ணே?”

“பழைய சாமான்தான் சார்,” என்றேன்.

மாப்பிள்ளையை நான் பட்டினி போடவில்லை. தண்ணீர் பாட்டில், ரொட்டி, பிஸ்கட் எல்லாம் கம்பி வழியாகப் போட்டேன். போகப்போக ஒன்று கவனித்தேன். வயிறு நிறைந்திருந்தால் திட்டுகிறார். காய்ந்திருந்தால் கெஞ்சுகிறார். திட்டு என்றால் காது கொடுத்துக் கேட்க முடியாத திட்டு. குடும்பத்தோடு வருகிற இடத்தில் அதை அனுமதிக்க முடியுமா? அதனால் கூட்டம் வரும் நாட்களில் ரொட்டியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். காலையில் கூட்டப் போகும்போது என்னிடம் தனியாகப் பேசுவார். “மச்சான், கோஸ்டர் வேணாம்னு நானே வீடியோ போடறேன். சத்தியமா போடறேன். பயமா இருக்கு மச்சான்.” அப்போது அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதனால் சீக்கிரம் கூட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

தங்கச்சி போலீசுக்கும் பஸ் நிலையத்துக்கும் அலைந்தாள். பஸ்ஸில் போன் கிடைத்ததால் உங்கள் ஆட்களும் வெளியூரில் தேடினார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வைப்பேன். அழுவாள், தலையைத் தடவிக் கொடுப்பேன். மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று நான் சொன்னது பொய் இல்லை. சீசன் முடிந்ததும் ஏணியை இறக்குவதாகத்தான் இருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதலில் கரகரப்பு, அப்புறம் வெறும் காற்று. கிணறு பழுதாகிவிட்டது, பராமரிப்பு சரியில்லை, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ரசிகர்கள் எழுதினார்கள். நேற்றுவரை தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள். வரிசை பாதியானது. மேனேஜர் மறுபடியும் அந்த மாதிரிப் படத்தை மேஜையில் விரித்துவைத்தார். ராத்திரியில் மறுபடியும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சி வந்தாள். காலையில், நான் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ பேய் வீடியோ என்று போனில் காட்டியிருக்கிறாள். குழுவில் அத்தனை பேர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அலசிய அதே வீடியோ. பூங்காவைப் பற்றி ஒன்றும் தெரியாத தங்கச்சி, ஒரே தடவைதான் கேட்டாளாம்.

“அண்ணா, அந்தக் கெணத்துல அவரு இருக்காரு. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாம யாரோ உள்ள போட்டிருக்காங்க. வா, சீக்கிரம்.”

எனக்குத் தெரியாமல் என்றாள். அப்படி ஒரு நம்பிக்கை என் மேல். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். நேராக உன்னிடம்தான் வந்தேன் என்றாள். அழைத்துப்போனேன். இருட்டுக்குள் நுழைந்ததும் சின்ன வயதில் பிடித்ததுபோல என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திறந்து ஏணியை இறக்கினேன். இறங்கு என்று நான் சொல்லவேயில்லை. அவர் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அவளே இறங்கினாள். வழுக்கிவிடக் கூடாது என்று கடைசிப் படி வரைக்கும் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மேலே எடுத்தேன்.

பெண் குரல் வந்துவிட்டது என்று குழுவே கொண்டாடியது. கிணற்றுக்காரி திரும்பிவிட்டாள் என்று பழசு கட்சி சொன்னது. இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்று புதுசு கட்சி சொன்னது. முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. குகையை இடிக்க வேண்டாம் என்று மேனேஜர் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. அன்று நான் கட்டிலைப் பிடிக்காமல் தூங்கினேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது அந்த அம்மாள். ரசிகை இல்லை, பூங்காவுக்கே முதல் தடவையாக வந்தவர். யாரோ கொடுத்த இலவசச் சீட்டு. முதல் சுற்று முடிந்து வந்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, உள்ள ஒரு பொண்ணு ‘அண்ணா, ஏணியைப் போடு’ன்னு அழுவுது. பேய்க்கு எதுக்குங்க ஏணி?”

பின்னால் நின்ற ரசிகர்கள் சிரித்தார்கள். அதுதான் வசனம் அம்மா என்று ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இன்னொரு சுற்று போகிறேன் என்றார். கையில் சீட்டு இருக்கும்போது நான் எப்படி மறுப்பது? பொத்தானை அழுத்தினேன். வண்டி காலியாக வெளியே வந்தது. ஓடும் வண்டியிலிருந்து இறங்கவே கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டிருக்கிறோம். அதை மீறி, இருட்டில் இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டு போய், போன் வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் அடித்துப் பார்த்திருக்கிறார். தவறி விழுந்திருந்தால் யார் பொறுப்பு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை பிழைத்துவிட்டாரா என்று இரண்டு முறை கேட்டேன். நீங்கள் காகிதத்தைத்தான் புரட்டினீர்கள். சரி. தங்கச்சி உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றீர்கள். அறை விளக்கை அணைத்தால் மட்டும் கத்துகிறாள் என்றீர்கள். அவளுக்கு நான் கொடுமை செய்ததாக உங்கள் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கூடப் பிறந்தவன், ஐயா. அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதற்காகவே கிணற்றுக்குள் அந்தச் சிவப்பு விளக்கை இரவெல்லாம் எரியவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வரிசை நீளமாக இருந்தபோது மட்டும்தான் அணைத்தேன்.