சேணத்துக்குச் சம்மதம்

வெல்வெட்டைத் தொட்டே பாருங்க தங்கச்சி, ஒண்ணும் ஆயிடாது. வெள்ளி ஜரிகையும் கடிவாளத்துப் பவளமும் எங்க தாத்தா காலத்துது. இல்லல்ல, முத்லக் சொன்னது பொய். வர்றவங்ககிட்ட எல்லாம் தன் பரம்பரைச் சொத்துன்னுதான் அளப்பாரு. எங்கப்பா எனக்குக் குடுத்தது இது. இந்தச் சேணம் பூட்டின குதிரை மேலதான் கல்யாணமாகி இந்த ஹாயில் ஊருக்கே வந்தேன்.

ஆமா, நானேதான் ஓட்டிட்டு வந்தேன். அதென்ன அப்படிப் பாக்குறீங்க?

குதிரையா? என் வீட்டுக்காரரு நாயிஃப் இருந்தவரைக்கும் இருந்துச்சு. அவரு போய் துக்கம் முடியறதுக்குள்ள அவரோட அண்ணங்காரரு முத்லக் வித்துட்டாரு. பொம்பளைக்கு எதுக்குக் குதிரைன்னாரு. அப்புறம் என்னையே கட்டிக்கிறேன்னு வந்து நின்னாரு. மாட்டேன்னேன். அன்னியிலேர்ந்து இந்த உள்கட்டுதான். போனையும் பிடுங்கிட்டாரு. எனக்குப் புத்தி சரியில்லைன்னு ஊருல சொல்லி வச்சிருக்காரு. தபூக்லேர்ந்து என் தங்கச்சி வந்து வாசலோட திரும்பிப் போனா. மேல ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டே நின்னேன். கத்தியிருக்கலாம்தான். கத்துனா, பாத்தீங்களா பைத்தியம்னு சொல்லிருப்பாரு.

காப்பி ஆறுது, குடிங்க. பேரீச்சம்பழம் எடுத்துக்கங்க.

மெதுவாப் பேசுங்க, கதவுக்கு அந்தாண்டதான் உக்காந்திருக்காரு. சேணம் என்னுதுன்னு ஊருல கேள்விப்பட்டு, என் வாயால சம்மதம் கேக்காம ரியாத் அருங்காட்சியகத்துக்கு எடுக்க மாட்டோம்னு நீங்க பிடிவாதம் பிடிச்சீங்களாமே. அதனாலதான் உங்களை உள்ள விட்டாரு. சம்மதம்னு மட்டும் சொல்லு, வேற வாயைத் திறக்காதன்னு காலையிலேர்ந்து அதே பாட்டு. சம்மதம்தான் தங்கச்சி. மனசாரச் சொல்றேன், கொண்டு போங்க.

அட, அழலை. விடுங்க.

சேணத்தைப் பெட்டியோட தூக்கணும், கனம் ஜாஸ்தி. முத்லக்குக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது. உங்க டிரைவர் அந்நிய ஆம்பளை, உள்கட்டுக்குள்ள விட மாட்டாரு. ஆக நாம ரெண்டு பேருதான். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம். மெல்லப் போவோம். தொழுகை முடிஞ்சு தெருவுல ஆளுங்க வர்ற நேரம். நாலு பேரு முன்னாடி என் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாரு, கௌரவம் பாக்குற மனுஷன்.

வெளிய போற அங்கியைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், நீங்க கவனிக்கலை. பெட்டியை வண்டியில வச்சிட்டு நானும் ஏறிக்குவேன். இறங்க மாட்டேன்.

ம், தூக்குங்க.